கொள்ளிடக் கழிமுகத்துப் பிற்காலச் சிதைவுகள்

சைவத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு காலங்களிலேயே நின்றுவிடுகின்றனர். சமயகுரவர்கள் திருவவதாரஞ் செய்து திருநெறித் தமிழை அருளிய காலம் ஒன்று. அவர்கள் பாடியருளிய திருக்கோயில்களைச் சோழவேந்தர் கற்றளிகளாக்கி, நிவந்தம் அளித்து, அவற்றைக் கல்லில் வெட்டுவித்த காலம் மற்றொன்று. அதன்பின் சந்தானகுரவர் காலத்தை ஒருவாறு தொட்டு, உடனே நம் பாட்டனார் காலத்துக் கும்பாபிடேகத்திற்கு வந்துவிடுகின்றோம். இடையே கிடக்கும் முந்நூறு நானூறு ஆண்டுகள் நம் எழுத்தில் இருள் மூடியே கிடக்கின்றன. நாயக்கரும் மராட்டியரும் ஆண்டதும், பறங்கியர், ஒல்லாந்தர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் எனப் பலரும் கடல்வழி வந்து கடைவிரித்துப் பின் கோட்டை கட்டியதும் அக்காலத்திலேயாம். அக்காலத்துச் சின்னங்கள் இடிந்த செங்கல்லாகவும் சுண்ணச்சாந்தாகவும் வயல்வரப்பிலும் உப்பங்கழியிலும் சிதறிக் கிடப்பவும், அவை நமக்குரியன அல்ல என்று கருதி அயலே செல்கின்றோம். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது என்பதையும், அச்சிதைவுகள் நம் திருத்தலங்களின் வரலாற்றோடு பிரிக்கலாகாதவாறு பின்னிக் கிடக்கின்றன என்பதையும், கொள்ளிடக் கழிமுகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வடக்கே வெள்ளாற்றின் வாயிலும் தெற்கே கொள்ளிடத்தின் வாயிலும் எல்லையாக, மேற்கே தில்லை விளங்க, கிழக்கே கடல் முழங்கக் கிடப்பது இந்நிலப்பகுதி. ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து உவர்த்த கழிகளும், அவற்றிடையே சிறு சிறு திட்டுக்களும், அவற்றை மூடிய கழிக்காடும் இதன் இயல்பு. இப்போது சிதம்பர நகரத்துள் காண்டற்கரிதாகிய தில்லைமரம், பிச்சாவரத்துக் கழிக்காட்டிலே தானே முளைத்து வளர்கின்றது. கண்ணிற் பட்டால் ஊறு செய்யும் பாலையுடைய அம்மரம் அடர்ந்த வனமே ஒருகாலத்துத் தில்லைவனமாய் இருந்தது என்பதைப் பெயரே காட்டும். எனவே, கூத்தப்பெருமான் திருநடம் புரியும் பொன்னம்பலமும் இக்கழிநிலமும் வேறு வேறு அல்ல. ஒரே நிலத்தின் இரு கூறுகளே.

கொள்ளிடத்தின் தென்பால் திருநல்லூர்ப்பெருமணம் என்னும் ஆச்சாள்புரம் உள்ளது. திருஞானசம்பந்த சுவாமிகள் வைகாசி மூலத் திருநாளிலே, திருமணங் காண வந்தோர் யாவரோடும் சிவச்சோதியிற் கலந்தருளிய தலம் அது. திருநீலநக்க நாயனாரும் முருக நாயனாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் முத்தி பெற்றதும் அவ்விடத்தே. அங்குச் சுவாமி சிவலோகத் தியாகேசர். அம்மை வெண்ணீற்றுமை நங்கை. அதற்குக் கிழக்கே திருமயேந்திரப்பள்ளியும், தெற்கே கடற்கரை ஓரமாகத் தென்திருமுல்லைவாயிலும் திகழ்கின்றன. வடகரையிலோ சிதம்பரமும் திருவேட்களமும் உள. சந்தானகுரவருள் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியர் வதிந்த கொற்றவன்குடியும் உளது. சைவ உலகத்திற்கு இந்நிலம் எத்துணைச் சிறந்தது என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

இனி, இந்நிலத்தில் நேர்ந்த முதல் அழிவு மனிதராற் செய்யப்பட்டதன்று, ஆற்றாற் செய்யப்பட்டது. மூவர் முதலிகளும் பாடியருளிய திருக்கழிப்பாலை, தன் பெயரிலேயே கழியைத் தாங்கிய தலம். அதன் பழைய திருக்கோயில் கொள்ளிடத்தின் வடகரையிற் காரைமேடு என்னுமிடத்தில் இருந்தது. ஆறு பெருகிக் கரையை அரித்துக் கோயிலைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அன்பர்கள் பால்வண்ணநாதரையும் வேதநாயகியம்மையையும் எடுத்துவந்து, திருநெல்வாயில் என்னும் சிவபுரிக்கு அருகே கோயில் சமைத்து எழுந்தருளுவித்தனர். இன்று நாம் திருக்கழிப்பாலை என்று சென்று வணங்குவது அப்புதிய கோயிலையே. பதிகம் பிறந்த மண் ஓரிடம். வழிபாடு நிகழும் மண் வேறோரிடம். இவ்விரண்டையும் இணைத்து நிற்பது அன்பர்களின் நினைவு ஒன்றே.

நம் சித்தாந்தம் உலகத்தைப் பொய்த்தோற்றம் என்று தள்ளுவதன்று. உள்ளதே தோன்றும், தோன்றியது தன் காரணத்தில் ஒடுங்கும், ஒடுங்கியதால் அது இல்பொருளாகிவிடாது. சற்காரியவாதம் என்று நம் ஆசிரியர்கள் நிறுவியது இதுவேயாம். இடிந்த மதிலையும் அரித்த கரையையும் காணும்போது, இங்கு ஒன்றும் இல்லை என்று மீளாமல், இங்கு ஒடுங்கிக் கிடப்பது யாது என்று வினவுதலே சித்தாந்திக்குத் தக்கது. அவ்வினாவோடு கொள்ளிடத்தின் வாயிலுக்குச் செல்வோம்.

ஆறு கடலோடு கலக்குமிடத்தில், நீர்க்கால்கள் சூழ்ந்த திட்டிலே தீவுக்கோட்டை என்னும் பழங்கோட்டை இருந்தது. ஐரோப்பியர் இதனைத் தேவிக்கோட்டை என்று எழுதினர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சியிலிருந்து ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கருக்கு அடங்கியவனாய்ச் சோழகன் என்னும் தலைவன் இக்கோட்டையை ஆண்டான். 1597இல் இப்பகுதிக்கு வந்த பிமெந்தா என்னும் சேசுசபைப் பாதிரியார் அவனைப் பற்றிக் குறித்துள்ளார். அவன் கொடுமையைப் பொறாது, தஞ்சை இரகுநாத நாயக்கர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே படையெடுத்து அவனை வென்றார். இச்செய்தியை யஞ்ஞநாராயண தீட்சிதர் இயற்றிய சாகித்ய ரத்னாகரமும், இராமபத்ராம்பை இயற்றிய ரகுநாதாப்யுதயமும் விரித்துரைக்கின்றன. கோட்டையின் அமைப்பைப் பின்னாளில் ஆங்கிலேய வரலாற்றாசிரியராகிய இராபர்ட் ஆர்ம் எழுதிவைத்தார்: ஏறத்தாழ ஒரு மைல் சுற்றளவு, ஒன்றோடொன்று ஒவ்வாத ஆறு பக்கங்கள், செங்கல்லாற் கட்டிய மதில், இடையிடையே கொத்தளங்கள். இத்துணைப் பெரிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பன செங்கற் சிதைவுகளே.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வடக்கிருந்து பீஜப்பூர்ப் படைகள் இத்தமிழ்நிலத்தில் இறங்கின. அவ்வச்சத்தால் தில்லைக் கூத்தப்பெருமானின் திருமேனியை அன்பர்கள் 24-12-1648இல் சிதம்பரத்தினின்றும் எடுத்துச்சென்று, குடுமியான்மலையிலும் பின்னர் மதுரையிலும் வைத்துக் காத்தனர். 14-11-1686இல் பெருமான் மீண்டும் தில்லைக்கு எழுந்தருளினார். இவற்றைச் செப்பேடுகள் கூறுகின்றன. 37 ஆண்டுகள் 10 திங்கள் 20 நாட்கள் ஆடவல்லான் அம்பலத்தில் இல்லை என்பதைச் சைவருள் எத்துணையர் அறிவர்? அத்துணை நாளும் திருமேனியைக் காத்தவர் படைவலியுடையார் அல்லர், ஆயினும் காத்தளித்தனர். அச்செப்பேடுகளும் நமக்குக் கிட்டாதிருப்பின், அச்செய்தியும் காற்றோடு போயிருக்கும்.

இனி இக்கட்டுரையின் நடுவாயுள்ள நிகழ்ச்சிக்கு வருவோம். 1749இல் தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் ஆண்டுகொண்டிருந்தார். அரசிழந்திருந்த சாகுஜி என்பார், தமக்கு உதவினால் தீவுக்கோட்டையைத் தருவதாக ஆங்கில வணிகக் கூட்டத்தாரிடம் சொன்னார். கொள்ளிடத்தின் வாயிலை அடைத்திருக்கும் மணல்மேட்டை நீக்கினால் பெருங்கலங்கள் உள்ளே புகுந்து தங்கலாம் என்பது அவ்வணிகரின் எண்ணம். ஏப்ரலில் முதற்படை புறப்பட்டது. அப்போது இக்கடற்கரையில் வீசிய பெரும்புயலில் நாமூர், பெம்புரோக் என்னும் போர்க்கப்பல்கள் பல நூறு உயிர்களோடு ஆழ்ந்தன. முதற்படை ஒன்றும் முடிக்கமாட்டாது திரும்பிற்று. பின்னர் மேஜர் லாரன்சு என்பார் தலைமையில் வந்த இரண்டாம் படை கோட்டை மதிலைப் பீரங்கியால் உடைத்து உட்புகுந்தது. பிற்காலத்தில் வங்காளத்தை வென்று பெயர்பெற்ற கிளைவு, அந்நாளில் இளந்துணைத்தலைவராய் அப்படையில் முன்னின்றார்.

கோட்டை கைப்பட்டபின், அதற்குத் தென்மேற்கே ஐந்து மைலில் உள்ள ஒரு கோயிலைப் பிடிக்குமாறு ஒரு பிரிவு அனுப்பப்பட்டது. ஆர்ம் அதனை ஆச்சாவரம் என்று எழுதுகின்றார். அதுவே நம் ஆச்சாள்புரம்; ஆளுடைய பிள்ளையார் சோதியிற் கலந்த திருநல்லூர்ப்பெருமணம். கோயிலில் இருந்த அந்தணர் எதிர்க்கமாட்டாது வாயிலைத் திறந்துவிட்டனர். ஆனால் புனிதமான உள்ளிடங்களிற் புகாதீர் என்று மட்டும் வேண்டிக்கொண்டனர். அச்செய்தி தஞ்சைப் படைக்கு எட்டியது. கோட்டை வீழ்ந்தபோது தளர்ந்து நின்ற அப்படைஞர், கோயில் மாசுறுவதைக் கேட்டபோது பொங்கியெழுந்தனர். அன்றிரவே பெருந்திரளாய் வந்து, மதிலில் ஏணி சாத்தி ஏறினர். சிலர் வைக்கோற்கட்டுக்களைக் கதவருகே குவித்துத் தீமூட்டினர். உள்ளிருந்தோரின் துப்பாக்கிகள் ஓயவில்லை. பலர் மாண்டனர். விடியுமுன் எஞ்சியோர் பின்வாங்கினர். அரசன்பாற் கொண்ட பற்றோ போர்வீரர்க்குரிய மானமோ எழுப்பமாட்டாத ஊக்கத்தை, தம் கோயிலைப்பற்றிய துயரமே அவருள் எழுப்பிற்று என்னும் கருத்துப்பட அவ்வாங்கில ஆசிரியரே எழுதியிருக்கின்றார்.

அன்பர்களே, சிறிது நின்று எண்ணுவோமாக. சோதியிற் புகுந்த அடியார் திருக்கூட்டத்தை நாம் ஆண்டுதோறும் வைகாசி மூலத்தில் நினைந்து உருகுகின்றோம். அதே மதிற்புறத்தில், அதே மண்ணில், 1749இல் ஓரிரவு தீயும் குண்டும் பட்டு வீழ்ந்தவர்களின் பெயர் ஒன்றும் நம்மிடம் இல்லை. அவர்களைக் குறித்து நடப்பட்ட கல் ஒன்றும் நாம் அறியோம். அவர்கள் பண்டிதர் அல்லர். ஞானநூல் கற்றவர் என்று சொல்லவும் இடமில்லை. கூலிக்குப் படையிற் சேர்ந்த எளியவர்கள் அவர்கள். ஆயினும் ஆலயத்தைச் சிவனெனவே கொள்ளுதல் வேண்டும் என்று சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் உணர்த்தும் பொருளை, அவ்விரவில் தம் உடம்பினாலே காட்டினர். அதனை நமக்குச் சொன்னவரோ நம்மவர் அல்லர்; எதிர்ப்பக்கத்து வரலாற்றாசிரியர். இதுவே சிந்திக்கத் தக்கது.

அப்போரின் முடிவும் நோக்கத் தக்கது. பிரதாபசிங்கர் தீவுக்கோட்டையையும், ஆண்டுக்கு 9,000 வராகன் வருவாயுள்ள நிலத்தையும் ஆங்கிலேயருக்கு விட்டு உடன்படிக்கை செய்துகொண்டார். எவர் பொருட்டுப் படையெடுத்ததாகச் சொல்லப்பட்டதோ, அச்சாகுஜிக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் உதவித்தொகையே கிடைத்தது. கோட்டையும் நிலைக்கவில்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றினார். இரண்டாண்டிற்குப்பின் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. மணல்மேடு மட்டும் நீங்கவேயில்லை. பெருங்கலங்கள் அங்குப் புகவுமில்லை. எதனைக் கருதி அத்துணை உயிர் மாய்ந்ததோ அதனை ஆறே மறுத்துவிட்டது.

ஆச்சாள்புரத்திற்கு ஓரிரவில் நேர்ந்தது சிதம்பரத்திற்கு ஒரு தலைமுறைக் காலம் நேர்ந்தது. உயர்ந்த கல்மதில்களும் கோபுர வாயில்களும் உடையதாதலின், அப்பெருங்கோயிலைப் படைத்தலைவர்கள் கோட்டையாகவே கண்டனர். 1753இல் பிரெஞ்சியர் அதனைக் கைக்கொண்டனர். 1760இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் ஐதர் அலி அங்குக் காவற்படை நிறுத்தி அரண்களை வலுப்படுத்தினார். 1781 ஜூன் 18ஆம் நாள் இரவில் சர் அயர் கூட் அதனைத் தாக்கி, வெளிவாயிலைக் கடந்தும் உள்ளே செல்லமாட்டாது பின்னிட்டார். சூலை 1ஆம் நாள் வெள்ளாற்றின் வாயிலருகே பரங்கிப்பேட்டையில் பெரும்போர் நிகழ்ந்தது. கெடிலக்கரைத் திருவதிகை வீரட்டானமும் அக்காலத்துப் போர்களில் கோட்டையாகவே ஆளப்பட்டது. அடியார் அன்பினால் அடுக்கிய கற்கள், அவ்வன்பின் திண்மையினாலேயே படைஞர்க்கு அரணாகிப் பீரங்கிக்கு இலக்காயின.

பரங்கிப்பேட்டை என்னும் பெயரே பிற்கால வரலாற்றை நமக்கு உரைக்கும். பறங்கியரும், அவர்க்குப்பின் ஒல்லாந்தரும் அங்கே பண்டசாலை வைத்து வாணிகம் நடத்தினர். 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கு இரும்புருக்கும் ஆலை தொடங்கினார். சேலத்து இரும்புக்கல் அங்குக் கொண்டுவரப்பட்டு, மரக்கரியிட்டு உருக்கப்பட்டது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் அவ்வாலையும் அவிந்தது. இத்தகைய துறைகளில் மண்ணைக் கிளறினால் சீனத்துப் பீங்கானோடுகள், ஐரோப்பியர் புகைத்த களிமண் குழாய்த்துண்டுகள், கண்ணாடிச் சில்லுகள், இரும்புக் கசடு முதலியன வெளிப்படுதல் இயல்பு. இவை பொருளற்ற குப்பை அல்ல. எந்த நாட்டார் எந்தக் காலத்தில் எங்கே தங்கினர் என்பதைக் கல்வெட்டு இல்லாவிடத்துக் காட்டவல்ல சான்றுகளாம்.

கழிமுகத்தின் வரலாறு கழிமுகத்தோடு முடிவதன்று. மேலேயிருந்து வரும் நீரே கீழுள்ள நிலத்தை ஆக்குவதும் அழிப்பதும் ஆகலின், கொள்ளிடத்தில் சிறிது மேற்செல்லுதல் வேண்டும். 1836இல் அவ்வாற்றின் குறுக்கே அணைக்கரை என்னுமிடத்தில் கீழணை கட்டப்பட்டது. உழவர்க்குப் பெருநன்மை விளைத்த பணி அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு வேண்டிய கற்களின் பொருட்டு, அருகிருந்த கங்கைகொண்டசோழபுரத்துப் பெருங்கோயிலின் சுற்றுமதில் இடிக்கப்பட்டது. ஊரார் தடுத்தும் பயனில்லை. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் எடுத்துத் தருவதாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எழுந்ததோ நான்கடி உயரமும் இல்லாத கைப்பிடிச்சுவர். இராசேந்திரசோழர் ஈசனுக்கு எடுத்த மதிலின் கற்கள் இன்றும் நீருக்கு அணையாய்க் கிடக்கின்றன. ஆகவே, 19ஆம் நூற்றாண்டு அணை ஒன்றை ஆராய்வோரும் 11ஆம் நூற்றாண்டுத் திருக்கோயிலை ஆராய்பவரே ஆகின்றனர். முற்காலச் சின்னம் நமக்குரியது, பிற்காலச் சின்னம் பிறர்க்குரியது என்று பிரித்தல் எங்ஙனம் கூடும்?

இங்ஙனம் அழிவையே எண்ணிச் சென்றால், அக்காலத்தில் சைவம் முற்றும் ஒடுங்கிவிட்டது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. கூத்தப்பெருமான் அம்பலத்தை விட்டு நீங்கியிருந்த அதே 17ஆம் நூற்றாண்டிலேதான், தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரை ஞானாசிரியராகக் கொண்ட குமரகுருபர அடிகள் தோன்றி, சிதம்பரத்தைப் போற்றி மும்மணிக்கோவையும் செய்யுட்கோவையும் இயற்றினார். கொள்ளிடத்தின் தென்பால் பீரங்கி முழங்கிய 18ஆம் நூற்றாண்டிலேதான், சீகாழியில் அருணாசலக் கவிராயர் அத்தலத்துப் புராணத்தைப் பாடினார். கோட்டை கட்டினோர் கோட்டையோடு போயினர். திருமடங்களில் ஏடு எழுதினோரும், திருவிளக்கு ஏற்றினோரும், திருமேனியைத் தூக்கிக்கொண்டு நடந்தோரும் நெறியைக் காத்தனர். இடிபாட்டை ஆராய்வதால் நாம் அடையும் பயன் இதுவே: நாம் இன்று வழிபடுவது தானே நிலைத்துவந்த ஒன்றன்று, பலராற் காக்கப்பட்டு வந்த ஒன்று என்னும் தெளிவு.

அத்தெளிவு உண்டாயின், நம் கடமையும் தெளிவாம். இன்று பழஞ்சின்னங்களுக்குப் பகையாவன பீரங்கிகள் அல்ல. ஆராயாது செய்யும் திருப்பணியும் ஒன்றாகிவிட்டது. பழைய செங்கற்றளியை இடித்துச் சிமெண்டுக் கட்டடம் எழுப்புதலும், கல்தூணின்மேல் வண்ணம் பூசுதலும், மணலைப் பீய்ச்சித் தூய்மை செய்வதாக எழுத்துக்களைத் தேய்த்தலும், உடைந்த கல் என்று கல்வெட்டுத் துண்டைக் குளக்கரையில் எறிதலும் அன்பின் பெயராலேயே நிகழ்கின்றன. சோழர் கல்வெட்டு என்றால் ஒருவராவது தடுப்பர். மராட்டியர் காலத்துச் சாந்துச்சுவர் என்றால் தடுப்பார் இல்லை. அச்சுவரிலே குண்டு பட்ட வடு இருக்கலாம். பின்வந்தோர் பழுதுபார்த்த அடையாளம் இருக்கலாம். அது போனால், அக்காலத்தைச் சொல்ல வேறு நாவில்லை.

ஆதலின், திருப்பணி தொடங்கும் அன்பர்கள் ஒரு கல்லைப் பெயர்க்குமுன் கோயில் முழுவதையும் அளந்து, படமெடுத்து, எழுதிவைத்தல் வேண்டும். செங்கல்லின் நீள அகலமும் சாந்தின் தன்மையும் கட்டடத்தின் காலத்தை அறிதற்குத் துணையாவன. அவற்றையும் குறித்தல் நன்று. திருமடங்களிலும் பழங்குடும்பங்களிலும் உள்ள செப்பேடு, ஓலைக்கணக்கு, கட்டளைச் சாசனம் முதலியவற்றைப் படியெடுத்தல் வேண்டும். கோட்டைமேடு, பறங்கிமேடு என்பன போலும் இடப்பெயர்களை ஊர்முதியோரிடம் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். கழிநிலத்தில் இப்பணி விரைந்து செய்யற்பாலது. ஏனெனில் அங்கு ஒவ்வொரு வெள்ளமும் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகின்றது. 26-12-2004இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியதை நாம் கண்டோம். கரை எப்போதும் கரையாய் இராது என்பதைத் திருக்கழிப்பாலை நமக்கு முன்னரே உரைத்திருக்கின்றது.

ஆச்சாள்புரம் சென்று சிவலோகத் தியாகேசரை வணங்கும் அன்பர்கள், சோதியிற் கலந்த திருக்கூட்டத்தை நினைந்தபின், திருமதிலின் புறத்தே சிறிது நின்று, பெயர் அறியப்படாத அவ்விரவினரையும் ஒருமுறை நினைவார்களாக. ஆலயத்தின் பொருட்டு உயிர் நீத்தார் எவராயினும் அவர் நினைக்கற்பாலரேயாவர். அவர்கள் விட்டுப்போன மண்ணையும் செங்கல்லையும் போற்றிக் காத்தற்கு வேண்டும் அறிவையும் ஊக்கத்தையும் தில்லையம்பலவாணர் திருவருள் நமக்கு அளிப்பதாக.

மெய்கண்டார் திருவடி வாழ்க.